பனிப்பாளங்கள் உருகினால் கடல் எவ்வளவு உயரும்? கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கான கேள்வி பதில்

உலகின் பனி முழுக்க உருகினால் கடல் 70 மீட்டர் உயரும் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2100-க்குள் அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர் என்கின்றன அறிக்கைகள். இரண்டும் ஏறக்குறைய சரிதான். முதல் எண்ணைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். இரண்டாவது எண்ணுக்குத்தான் விமானங்களும் செயற்கைக்கோள்களும் சூப்பர் கம்ப்யூட்டர்களும் தேவைப்படுகின்றன. இவ்வளவு இருந்தும் விஞ்ஞானிகளுக்கு அதில் இன்னும் முழு நிம்மதி வரவில்லை.

எந்தப் பனியைப் பற்றிய பேச்சு இது?

கிரீன்லாந்து, அண்டார்டிகா ஆகிய இரண்டு நிலங்களைப் போர்த்தியிருக்கும் பனிப்பாளங்களைப் பற்றியது. கிரீன்லாந்தில் பனியின் சராசரித் தடிமன் சுமார் 1.6 கி.மீ. அண்டார்டிகாவில் ஏறக்குறைய 2 கி.மீ.; மிக ஆழமான இடத்தில் 4.7 கி.மீ.யையும் தாண்டுகிறது.

மற்ற மலைப் பனியாறுகள் எல்லாவற்றையும், அதாவது இமயம், ஆல்ப்ஸ், ஆண்டிஸ், அலாஸ்கா என மொத்தத்தையும் கூட்டினாலும் கடலை சுமார் 32 செ.மீ. உயர்த்தும் அளவு பனிதான் தேறும். கங்கோத்ரி சுருங்குவது பாசனத்துக்கும் குடிநீருக்கும் பெரிய செய்தி. கடல் மட்டத்துக்கு அது சின்னச் செய்தி.

மொத்தமும் உருகினால் எத்தனை மீட்டர்? நானே கணக்கிட முடியுமா?

முடியும். மூன்று எண்கள் போதும்: கடலின் பரப்பு, பனியின் கன அளவு, பனியின் அடர்த்தி.

கடலின் பரப்பு சுமார் 36.1 கோடி சதுர கி.மீ. அதன்மேல் ஒரு மீட்டர் நீர் நிற்க வேண்டுமானால் 3.61 லட்சம் கன கி.மீ. தண்ணீர் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 361 கன கி.மீ. ஒரு கன கி.மீ. தண்ணீரின் எடை 100 கோடி டன். இதைத்தான் ஜிகா டன் என்கிறார்கள். ஆகவே 361 ஜிகா டன் பனி உருகினால் கடல் ஒரு மில்லிமீட்டர் ஏறும். இந்த 361-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை உதவும்.

கிரீன்லாந்தில் இருப்பது சுமார் 30 லட்சம் கன கி.மீ. பனி. பனி தண்ணீரைவிட லேசானது. அதன் அடர்த்தி 0.917. பெருக்கினால் 27.5 லட்சம் கன கி.மீ. தண்ணீர். அதை 3.61 லட்சத்தால் வகுத்தால் 7.6 மீட்டர். ஆய்வாளர்கள் நுணுக்கமாகக் கணக்கிட்டு வெளியிட்ட எண் 7.42 மீட்டர். காகிதத்தில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை.

இதையே அண்டார்டிகாவுக்குச் செய்யுங்கள். 2.7 கோடி கன கி.மீ. பனி, தண்ணீராக்கினால் 2.48 கோடி, வகுத்தால் 68 மீட்டருக்கு மேல் வருகிறது. ஆனால் ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 58 மீட்டர்தான்.

அந்தப் பத்து மீட்டர் எங்கே போயிற்று?

அண்டார்டிகாவை நாம் வரைபடத்தில் ஒரே வெள்ளை நிலமாகப் பார்க்கிறோம். பனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதன் கணிசமான பகுதி, குறிப்பாக மேற்குப் பகுதி, கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பள்ளம். அங்கே பனி கடலடித் தரைமேல் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. டென்மன் பனியாற்றுக்கு அடியில் உள்ள பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டர் கீழே இறங்குகிறது.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தரை கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டர் கீழே. அதன்மேல் 2,000 மீட்டர் பனி. பனி போனால் அந்தப் பள்ளத்தைக் கடல்நீர் நிரப்ப வேண்டும். 1,000 மீட்டர் உப்புநீரின் எடைக்குச் சமமான பனி சுமார் 1,120 மீட்டர். பனியின் அந்தப் பங்கு பள்ளத்தை நிரப்பவே செலவாகிவிடும். மீதி 880 மீட்டர்தான் கடலை உயர்த்தும். பாதிக்கு மேல் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது பாருங்கள்.

இப்படி இடம் இடமாகக் கழித்து, ஏற்கெனவே மிதக்கும் பனியையும் நீக்கினால் 58 மீட்டர் மிஞ்சும். கிரீன்லாந்தையும் மலைப் பனியாறுகளையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 66 மீட்டர். வாட்ஸ்அப்பின் 70 அதைக் கொஞ்சம் தாராளமாக முழுமையாக்கியது.

கடலில் மிதக்கும் பனி உருகினாலும் மட்டம் உயருமா?

உயராது என்றே வைத்துக்கொள்ளலாம். டம்ளரில் ஐஸ் கட்டியைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வையுங்கள்; ஐஸ் கரைந்த பிறகும் வழியாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை முன்பே விலக்கிவிடுகிறது. கடல்நீர் உப்பு, பனி நன்னீர் என்பதால் மிகச் சிறிய வேறுபாடு உண்டு. இந்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம். ஆர்க்டிக் கடற்பனி முழுக்கப் போனாலும் கடல் மட்டம் நேரடியாக அசையாது.

ஆனால் அண்டார்டிகாவின் கரையைச் சுற்றி மிதக்கும் பனித்தட்டுகள் சும்மா மிதக்கவில்லை. பின்னால் இருக்கும் நிலப்பனிக்கு அவைதான் முட்டுக் கொடுக்கின்றன. 2002-இல் லார்சன் பி என்ற தட்டில் சுமார் 3,250 சதுர கி.மீ. ஒரு மாத இடைவெளியில் நொறுங்கியது. நொறுங்கியதால் கடல் உயரவில்லை. அதற்குப் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமாகக் கடலை நோக்கி ஓடத் தொடங்கின. அந்தப் பனி கணக்கில் சேரும்.

இரண்டு கி.மீ. பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எப்படி அளந்தார்கள்?

ரேடாரால். பனியின் வழியே ரேடியோ அலை தாராளமாகப் போகும். விமானத்திலிருந்து அலையை அனுப்பினால் பனியின் மேற்பரப்பில் ஓர் எதிரொலியும் அடியில் உள்ள பாறையில் இன்னோர் எதிரொலியும் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள நேர இடைவெளியிலிருந்து தடிமன் தெரியும். 1960-களிலிருந்து பல நாடுகள் இப்படிப் பறந்து கோடு கோடாக அளந்து வருகின்றன.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதில்தான் வில்லங்கம். சில இடங்களில் இடைவெளி பல பத்து கி.மீ. அங்கே ஒரு தந்திரம் செய்கிறார்கள். பனி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது செயற்கைக்கோளில் தெரியும். மேலிருந்து எவ்வளவு பனி வந்து சேர்கிறது என்பதும் தெரியும். அவ்வளவு பனி அந்த வேகத்தில் அந்த இடத்தைக் கடக்க வேண்டுமானால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். டென்மன் பள்ளத்தாக்கின் ஆழம் அப்படித்தான் தெரிய வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு பனி குறைகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் ஒவ்வொரு பலவீனம்.

முதலாவது உயரத்தை அளப்பது. 2010 முதல் ஐரோப்பாவின் கிரையோசாட்-2 ரேடாராலும், 2018 முதல் நாசாவின் ஐஸ்சாட்-2 லேசராலும் பனியின் மேற்பரப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கின்றன. ஆனால் ஒரு மீட்டர் புதுப்பனிப்பொழிவும் ஒரு மீட்டர் இறுகிய பனிக்கட்டியும் எடையில் ஒன்றல்ல. இறங்கியது எது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வரவு செலவுக் கணக்கு. பொழிந்த பனியிலிருந்து, உருகியதையும் கடலில் போய் விழுந்ததையும் கழிப்பது. அண்டார்டிகாவின் நிலப்பனிமேல் ஆண்டுக்கு சுமார் 2,000 ஜிகா டன் பொழிகிறது. அந்த எண்ணில் 5 விழுக்காடு பிழை வந்தால் 100 ஜிகா டன். நிகர இழப்பே அதைவிடப் பெரிதாக அதிகமில்லை. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும் எந்தக் கணக்குக்கும் இந்தத் தொல்லை உண்டு.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: பனியை எடை போடுவது. 2002 மார்ச்சில் கிரேஸ் என்ற பெயரில் இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக சுமார் 220 கி.மீ. இடைவெளியில் அவை பூமியைச் சுற்றின. கீழே எடை மிகுந்த பகுதி வரும்போது முன்னால் போவதை அது சற்று இழுக்கும், இடைவெளி கூடும்; பின்னால் வருவது அங்கே வந்ததும் இடைவெளி மறுபடி மாறும். இந்த மாற்றத்தை மைக்ரான் அளவில் அளந்தார்கள். மாதா மாதம் ஒப்பிட்டால், எந்தப் பகுதியின் எடை குறைந்திருக்கிறது என்று தெரியும். 2017-இல் அந்த இணை ஓய்வு பெற்றது. 2018 மே மாதம் அடுத்த இணை போனது.

இதிலும் ஒரு சிக்கல். பனியுகத்தில் பனியின் பாரத்தால் அமுங்கிய பாறை, பாரம் குறைந்தபின் இன்றும் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. அடியில் மெல்ல நகரும் சூடான பாறை வந்து சேர்வதை செயற்கைக்கோள் எடை கூடியதாகவே படிக்கும். அது பனி இல்லை. அதைக் கழிக்க வேண்டும். கிரீன்லாந்தில் இந்தத் திருத்தம் சிறியது. அண்டார்டிகாவிலோ அளக்க வந்த இழப்போடு ஒப்பிடும் அளவுக்குப் பெரியது.

மூன்று வழிகளும் ஒரே விடையைத் தருகின்றனவா?

ஒரு காலத்தில் இல்லை. இன்று பெரும்பாலும் ஆம். இம்பி என்ற பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் இவற்றை ஒன்றாக வைத்து அலசுகிறது. அதன் 2023 அறிக்கைப்படி 1992 முதல் 2020 வரை இரண்டு பனிப்பாளங்களும் சேர்ந்து இழந்தது 7,560 ஜிகா டன். இப்போது 361-ஆல் வகுத்துப் பாருங்கள்: 21 மி.மீ. அறிக்கை சொல்லும் எண்ணும் அதுவே. இதில் மூன்றில் இரண்டு பங்கு கிரீன்லாந்தினுடையது.

28 ஆண்டுகளில் இரண்டே செ.மீ.தானா என்று தோன்றலாம். போக்கைப் பார்க்க வேண்டும். 1990-களின் முதல் பாதியில் ஆண்டுக்கு சுமார் 105 ஜிகா டன்னாக இருந்த இழப்பு, 2016 முதல் 2020 வரை ஆண்டுக்கு 372 ஆகியிருக்கிறது. அதாவது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். 2019-இல் மட்டும் 612.

கடல் ஏறுவதற்குப் பனி ஒன்றுதான் காரணமா?

இல்லை. சூடான நீர் விரிவடையும். 1971 முதல் 2018 வரையிலான ஏற்றத்தில் பாதி இந்த விரிவால்தான். மலைப் பனியாறுகளுக்கு 22 விழுக்காடு, பனிப்பாளங்களுக்கு 20, நிலத்தடி நீரை உறிஞ்சுவது போன்றவற்றுக்கு 8. இந்த வரிசை அண்மைக்காலத்தில் மாறிவிட்டது; 2006-க்குப் பிறகு பனியின் பங்கே முந்துகிறது.

அண்டார்டிகாவில் பனி கூடுகிறது என்கிறார்களே?

சில பகுதிகளில் சில ஆண்டுகளில் கூடுகிறது. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். அது அண்டார்டிகாவின் உட்பகுதியில் பனியாகக் கொட்டும். 2022 மார்ச்சில் கிழக்கு அண்டார்டிகாவுக்குள் புகுந்த வெப்பக்காற்று, வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 40 டிகிரி வெப்பத்தைக் கொண்டுவந்ததோடு ஏராளமான பனியையும் பொழிந்தது. அதே வாரங்களில் கரையோரத்தில் காங்கர் என்ற பனித்தட்டு நொறுங்கியது. ஆகவே ஓராண்டு எண்ணை வைத்து யாராவது வாதிட்டால், எந்தப் பக்கம் வாதிட்டாலும், முப்பதாண்டுக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

2100-இல் எவ்வளவு?

ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையிலிருந்து: 1995–2014 சராசரியோடு ஒப்பிட்டால், பசுங்குடில் வாயு உமிழ்வை விரைவாகக் குறைத்தால் 0.32 முதல் 0.62 மீட்டர்; குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் 0.63 முதல் 1.01 மீட்டர். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: பனிப்பாளங்களின் நடத்தை எதிர்பாராத வகையில் போனால் 2 மீட்டரை நெருங்குவதையும் மறுக்க முடியாது.

எனக்கு இந்த அறிக்கையில் ஆர்வமூட்டியது இன்னொரு வரி. உமிழ்வு கூடினால் 2100-க்குள் கிரீன்லாந்து தருவது 9 முதல் 18 செ.மீ. அண்டார்டிகா தருவது 3 முதல் 34 செ.மீ. குறைந்த எண்ணுக்கும் கூடிய எண்ணுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! நீரின் வெப்ப விரிவில் இவ்வளவு இழுபறி இல்லை. மொத்த மதிப்பீட்டின் தள்ளாட்டத்தில் பெரும்பகுதி அண்டார்டிகாவிலிருந்து வருவதுதான்.

ஏன் அண்டார்டிகாவில் மட்டும் இவ்வளவு குழப்பம்?

கிரீன்லாந்தில் இழப்பின் கணிசமான பங்கு கோடைக் காற்று மேலிருந்து உருக்குவது. காற்றின் வெப்பம் தெரிந்தால் ஓரளவு கணிக்கலாம். அண்டார்டிகாவில் மேற்பரப்பு உருகல் சொற்பம். அங்கே கடல் அடியிலிருந்து அரிக்கிறது. தென்துருவக் கடலின் ஆழத்தில் ஓடும், உறைநிலையைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பான நீர் பனித்தட்டுகளுக்கு அடியில் புகுந்து, பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோட்டைத் தாக்குகிறது.

மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றைப் பாருங்கள். அகலம் சுமார் 120 கி.மீ. அதில் இருக்கும் பனி மட்டும் கடலை 65 செ.மீ. உயர்த்தும். அங்கே தரை உள்நாட்டை நோக்கி ஆழமாகிக்கொண்டே போகிறது. மிதக்கத் தொடங்கும் கோடு பின்வாங்கினால் அது இன்னும் ஆழமான இடத்துக்குப் போகும்; அங்கே பனி இன்னும் தடிமன்; தடிமன் கூடினால் வெளியேறும் பனியும் கூடும்; கோடு இன்னும் பின்வாங்கும். ஒருமுறை தொடங்கினால் வெப்பம் கூடாமலேயே இது தொடரக்கூடும் என்று 1970-களிலேயே எச்சரித்தார்கள். எங்காவது ஒரு மேடு குறுக்கே வந்தால் நிற்கவும் செய்யும். ஆகவே ரேடார் கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மேடு எங்கே என்பது உலகின் கரையோர நகரங்கள் அனைத்துக்கும் தேவையான தகவல்.

முட்டு போன பிறகு நிற்கும் உயரமான பனிச்சுவர் தன் பாரத்தாலேயே சரிந்துகொண்டே போகுமா என்பது இன்னொரு சர்ச்சை. 2016-இல் வந்த ஓர் ஆய்வு இந்தச் சரிவைக் கணக்கில் சேர்த்தபோது, இந்த நூற்றாண்டில் அண்டார்டிகா மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் தரக்கூடும் என்று காட்டியது. பின்னர் வந்த பல ஆய்வுகள் அதைக் குறைத்தன. தகராறு இன்னும் தீரவில்லை.

உலகம் முழுக்க ஒரே அளவில் உயருமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பனிப்பாளம் அவ்வளவு கனமானது. தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் பிடியும் தளரும். அதன் அருகே, சுமார் 2,000 கி.மீ. தூரம்வரை, கடல் மட்டம் உயர்வதற்குப் பதிலாக இறங்கும். அந்த நீர் தொலைவான கடல்களுக்குப் போய்ச் சேரும்.

கடல் தட்டையானது என்று நினைப்பவர்கள் நம் வீட்டு வாசலையே பார்க்கலாம். இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவான பெரும் பகுதி ஒன்று உண்டு. அங்கே கடல் மேற்பரப்பு பூமியின் சீரான வடிவத்தைவிட ஏறக்குறைய 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே இதுதான் மிகப்பெரிய இறக்கம். கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

கிரீன்லாந்து உருகினால் அடி வாங்குவது பெரும்பாலும் தெற்கு. மேற்கு அண்டார்டிகா உருகினால் வடக்கு. வெப்பமண்டலக் கடற்கரைகள் இரண்டிலிருந்துமே தொலைவில் இருப்பதால் இரண்டிலும் சராசரியைவிடச் சற்று அதிகமாகவே பெறும். தமிழகமும் இலங்கையும் இந்த வரிசையில்தான் வருகின்றன.

அப்படியானால் சென்னையில் இதுவரை ஏன் பெரிதாகத் தெரியவில்லை?

சென்னைத் துறைமுக அளவீட்டில் 1916 முதல் 2005 வரை கிடைத்த சராசரி ஆண்டுக்கு 0.33 மி.மீ. மட்டுமே. மேற்கு வங்கத்தின் டயமண்ட் ஹார்பரில் 5.16. ஒரே வங்காள விரிகுடாதான். கங்கை டெல்டாவில் நிலமே அமுங்குகிறது. கரையில் நிற்கும் அளவுகோலுக்குக் கடல் ஏறுவதும் தரை இறங்குவதும் ஒன்றுதான். பின்லாந்தின் மேற்குக் கரையில் இதற்கு நேர் எதிர்: பனியுகப் பாரம் நீங்கிய தரை ஆண்டுக்கு 8 மி.மீ. அளவுக்கு எழும்புவதால் அங்கே கடல் பின்வாங்குகிறது. ஊருக்கு ஊர் தரையின் அசைவைச் சேர்க்காமல் உலகச் சராசரியை ஒட்டவைக்கக் கூடாது. சென்னையின் பழைய சராசரியை 2100 வரை நீட்டுவதும் அதே தவறு. அந்த எண் வேகம் கூடுவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது.

முன்பு எப்போதாவது இப்படி நடந்திருக்கிறதா?

21,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு உருகியபோது, சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டத்தில், நூறாண்டுக்கு மூன்று நான்கு மீட்டர் வேகத்தில் கடல் ஏறியது. அன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பனிப்பாளங்கள் இன்று இல்லை என்பதால் அந்த வேகத்தை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது.

இன்னும் பொருத்தமான சாட்சி 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது பூமி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறக்குறைய ஒரு டிகிரிதான் கூடுதல் சூடு. கடலோ 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தது. நாம் இப்போதே அந்தச் சூட்டை எட்டிவிட்டோம். கடல் அங்கே போய்ச் சேர எத்தனை நூற்றாண்டுகள் ஆகும் என்பதுதான் கேள்வி.

எந்த ஊர் மூழ்கும் என்று காட்டும் இணைய வரைபடங்களை நம்பலாமா?

தரையின் உயரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். பல வரைபடங்கள் 2000-இல் விண்கல ரேடார் எடுத்த உயரத் தரவை வைத்திருக்கின்றன. அது பல இடங்களில் மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் கூரையையும் தரையென எண்ணியது. வியட்நாமின் மேகாங் டெல்டா சராசரியாக 2.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாக இதனால் நினைத்திருந்தார்கள். 2019-இல் நில அளவைத் தரவோடு ஒப்பிட்டபோது அது 0.8 மீட்டர் என்று தெரிந்தது. பனி பற்றிய கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தரை பற்றிய கணக்கு தப்பினால் வரைபடம் பயன்படாது.

செய்தியில் வரும் எண்ணை நானே சோதிக்க வழி?

இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பனி நிலத்தில் இருந்ததா, மிதந்ததா? எத்தனை ஜிகா டன்?

எடுத்துக்காட்டுக்கு ஏ23ஏ. 1986-இல் அண்டார்டிகாவிலிருந்து உடைந்து, பல பத்தாண்டுகள் கடலடியில் தட்டி நின்று, 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே போய்ச் சேர்ந்த பெரும் பனிமலை. ஒரு லட்சம் கோடி டன், அதாவது சுமார் 1,000 ஜிகா டன் என்று செய்திகள் வந்தன. 361-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3 மி.மீ. வரும். ஆனால் அது மிதக்கும் தட்டிலிருந்து உடைந்த துண்டு. கடல் மட்டக் கணக்கில் அதற்குப் பூஜ்யம். அதே வாரம் கிரீன்லாந்தில் 10 ஜிகா டன் நிலப்பனி உருகியிருந்தால் அது 0.03 மி.மீ., படம் எடுக்க ஒன்றும் இருக்காது, ஆனாலும் கணக்கில் சேரும்.